நாய் படாத பாடு

வட இந்தியக் குளிர் நாய்களைவிட அவற்றை வளர்ப்பவர்களைத்தான் அதிகம் ஆட்டிவைக்கிறது. நாய்க்கு அடியும் பட்டுவிட்டால் வேடிக்கை கூடுகிறது, கூடவே விபரீதமும்.

ஜனவரி மாதத் தில்லியில் காலை ஆறரை மணியை விடிந்த நேரம் என்று சொல்ல முடியாது. எதிர்வீட்டு பால்கனி தெரியாத அளவுக்கு மூடுபனி. அந்த நேரத்தில் அடுக்குமாடிக் குடியிருப்பின் படிக்கட்டில் ஒரு சிறு ஊர்வலம் இறங்குகிறது. முன்னால் ஒரு லாப்ரடார். பின்னால் குரங்குக் குல்லாய், மப்ளர், இரண்டு ஸ்வெட்டர், அவற்றுக்கு மேல் ஒரு கோட்டு, கம்பளிக் காலுறைக்கு மேல் ரப்பர் செருப்பு சகிதம் குடும்பத் தலைவர். வாசலை அடைந்ததும் நாய் மூக்கை மட்டும் வெளியே நீட்டுகிறது. காற்றை ஒரு முறை முகர்கிறது. திரும்பிப் படியேறத் தொடங்குகிறது. சங்கிலியின் மறுமுனையில் இருப்பவரும் வேறு வழியின்றி ஏறுகிறார்.

ஒரு மணி நேரத்துக்குப் பிறகு, மூன்றாவது முறையாக அவர் கீழே இறங்க அழைக்கும்போது நாய்க்கு அவசரம் ஏதும் இல்லை. அது வேலையை முடித்துவிட்டது. முன்னறையில், காஷ்மீர்க் கம்பளத்தின் மீது.

தில்லி, சண்டிகர், லக்னோ என்று எந்த ஊரில் நாய் வளர்ப்பவரைக் கேட்டாலும் இந்தக் கதை கிடைக்கும். கம்பளத்தின் விலை மட்டும் மாறும். நாய்கூடப் பட்டிராத துன்பத்தை மனிதர் அனுபவிப்பதைத் தமிழில் 'நாய் படாத பாடு' என்பார்கள். டிசம்பர் பிற்பாதி முதல் பிப்ரவரி தொடக்கம் வரை இந்த ஊர்களில் அந்தச் சொல்லுக்கு நேர்ப்பொருளைக் காணலாம். நாய் ரஜாய்க்குள் இருக்கிறது. பாடு வெளியே இருப்பவருக்கு.

தெற்கே இருப்பவர்களுக்கு இது மிகையாகத் தோன்றலாம். சென்னை நாய்க்கு மார்கழி என்பது மின்விசிறிக்கு அடியிலிருந்து எழுந்து வாசற்படிக்கு வரும் பருவம், அவ்வளவுதான். தில்லி சப்தர்ஜங் வானிலை நிலையத்தில் 2019 டிசம்பர் 28 அன்று பதிவான குறைந்தபட்ச வெப்பநிலை 2.4 டிகிரி செல்சியஸ். 2021 புத்தாண்டு தினத்தன்று 1.1 டிகிரி. வீடுகளோ கோடையை மனதில் வைத்துக் கட்டப்பட்டவை. மார்பிள் அல்லது மொசைக் தரை, மூடினாலும் மூடாத ஜன்னல், கதவுக்கு அடியில் ஒரு விரல்கடை இடுக்கு. வெளியே அடிக்கும் இளவெயிலைவிட உள்ளே இருக்கும் தரை அதிகமாகச் சில்லிடும்.

குழப்பம் எங்கே தொடங்குகிறதென்றால், தனக்குக் குளிர்ந்தால் நாய்க்கும் அதே அளவு குளிரும் என்று மனிதர் முடிவுகட்டுவதில். லாப்ரடார், ஜெர்மன் ஷெப்பர்டு, பொமரேனியன் ஆகியவற்றுக்கு இரண்டு அடுக்கு ரோமம் உண்டு: மேலே முரட்டு முடி, அடியில் பஞ்சு போன்ற இன்னொரு படலம். பாதங்களில் வெறும் தோல்தானே என்றால், அதற்கும் ஏற்பாடு இருக்கிறது. உள்ளிருந்து வரும் சூடான ரத்தக் குழாய்களும் பாதத்திலிருந்து திரும்பும் குளிர்ந்த குழாய்களும் ஒட்டியே ஓடுவதால், திரும்பும் ரத்தம் வழியிலேயே சூடேறிவிடுகிறது. இந்த அமைப்பை விளக்கியவர்கள் ஜப்பானிய ஆய்வாளர்கள். இமாசலப் பிரதேசத்தில் ஆட்டு மந்தையுடன் அலையும் மலைநாய்கள் பனியில் சுருண்டு படுத்துத் தூங்குகின்றன. அவற்றுக்கு மேய்ப்பர்கள் போடும் ஒரே அணிகலன் முள் வைத்த இரும்புக் கழுத்துப்பட்டை. அதுவும் குளிருக்கு அல்ல, கழுத்தைக் கவ்வ வரும் சிறுத்தைக்கு. தருமபுத்திரரைப் பின்தொடர்ந்து இமயம் ஏறிய நாய் ஸ்வெட்டர் போட்டிருந்ததாக வியாசர் எங்கும் சொல்லவில்லை.

சைபீரியன் ஹஸ்கி வைத்திருக்கும் வீட்டில் நிலைமை தலைகீழ். வருடத்தில் ஒன்பது மாதம் ஏ.சி. அறையில் சிறையிருந்த பிராணிக்கு ஜனவரிதான் வசந்தம். வீடே உள்ளே போர்த்திக்கொண்டு கிடக்க, அது பால்கனிக் கதவைத் திறக்கச் சொல்லிப் பிறாண்டுகிறது. திறந்தால் வீட்டில் இருக்கும் மற்ற உயிர்கள் நடுங்குகின்றன.

ஆனால் எல்லா நாயும் ஹஸ்கி அல்ல. டாஷண்ட், பின்ஷர், பக் போன்ற குட்டை முடி நாய்கள், கிழ நாய்கள், குட்டிகள், நோயிலிருந்து தேறுபவை ஆகியவற்றுக்குக் குளிர் நிஜமாகவே வாட்டும். உடல் சிறிதாகச் சிறிதாகச் சூடு சீக்கிரம் வெளியேறும் என்பது இயற்பியல். இவற்றுக்குத்தான் ஸ்வெட்டர். அங்கே தொடங்குகிறது அடுத்த அத்தியாயம்.

முதல் முறை ஸ்வெட்டர் மாட்டப்பட்ட நாய் பெரும்பாலும் ஓடாது, கடிக்காது. சிலையாகிவிடும். ஒரு காலைத் தூக்கியபடி, சுவரைப் பார்த்தபடி, யாரோ பொத்தானை அழுத்தி நிறுத்தியது போல நிற்கும். வீட்டார் இதைச் சமத்து என்று எடுத்துக்கொண்டு புகைப்படம் எடுக்கிறார்கள். அடுத்த அரை மணியில் ஒரு நூல் கதவுத் தாழ்ப்பாளில் மாட்டுகிறது. பாட்டி நவராத்திரியில் தொடங்கிக் கிறிஸ்துமஸுக்குள் பின்னி முடித்தது மூன்று அறைகளின் நீளத்துக்குப் பிரிந்து கிடக்கிறது. ஆண் நாய்க்குப் பின்னும்போது வயிற்றுப் பக்கம் எவ்வளவு தூரம் விட வேண்டும் என்பது எந்தப் பின்னல் புத்தகமும் சொல்லித்தராத கணக்கு. ஒரு அங்குலம் நீண்டுவிட்டால், முதல் மின்கம்பத்தைத் தாண்டியதும் ஸ்வெட்டரைத் துவைக்கப் போட வேண்டியதுதான். நனைந்த கம்பளியோடு நாயை விடுவது ஸ்வெட்டரே இல்லாமல் விடுவதைவிட மோசம். வறண்ட காற்றில் கம்பளி உரசி மின்னூட்டம் ஏறுவதும் உண்டு. கொஞ்ச வரும் எஜமானியின் விரல் நாயின் ஈர மூக்கில் படும்போது 'சுரீர்' என்கிறது. இருவரும் ஒருவரையொருவர் சந்தேகத்தோடு பார்த்துக்கொள்கிறார்கள்.

இரவு வந்தால் ரஜாய்ப் பிரச்சினை. பத்து மணிக்கு நாய் கட்டிலின் கால்மாட்டில், விருந்தாளி போல ஓரமாகப் படுக்கிறது. பன்னிரண்டு மணிக்கு முழங்கால் மடிப்பில். மூன்று மணிக்கு அது நடுவில் குறுக்காக நீட்டிக் கிடக்க, கணவர் ஒரு விளிம்பிலும் மனைவி மறு விளிம்பிலும் தொங்குகிறார்கள். நாயைக் குளிப்பாட்டி நடுவீட்டில் வைப்பதைப் பற்றித்தான் நம் பழமொழி எச்சரிக்கிறது. குளிப்பாட்டாமலே நடுக்கட்டிலில் வைப்பார்கள் என்று பழமொழி சொன்னவருக்குத் தோன்றியிருக்காது. (குளிப்பாட்டுவது தில்லியில் நவம்பரோடு நின்றுவிடுகிறது. வாசனை அதை மார்ச் வரை நினைவூட்டிக்கொண்டே இருக்கிறது.)

ஹீட்டரும் நாயும் சேர்ந்தால் ரோமம் கருகும் வாசனை நிச்சயம். கம்பிச்சுருள் ஹீட்டருக்கு அரையடி தூரத்தில் முதுகைக் காட்டிப் படுத்த நாய், முதுகு முடி சுருண்டு மஞ்சளானாலும் எழுந்திருக்காது. அடர்ந்த ரோமம் சூட்டைத் தோலுக்கு உடனே தெரிவிப்பதில்லை. வெந்நீர்ப் பை கொடுத்துப் பார்த்தவர்கள் ஒரே இரவில் பாடம் கற்றிருக்கிறார்கள்: கடித்துப் பார்க்க அருமையான ரப்பர், உள்ளே இரண்டு லிட்டர் தண்ணீர், கீழே பஞ்சு மெத்தை. மின்சாரக் கம்பளியின் ஒயரைக் கடிக்கும் நாய் இந்த வேடிக்கைக் கணக்கில் சேராது. மூடிய அறைக்குள் வைக்கும் கரி அடுப்பும் சேராது. அங்கீட்டி எனப்படும் அந்தக் கணப்பிலிருந்து கசியும் கார்பன் மோனாக்சைடு, குளிர்காலம்தோறும் வட இந்தியாவில் தூங்கும் குடும்பங்களைக் கொன்றுகொண்டிருக்கிறது. அதே அறையில் படுத்திருக்கும் நாய்க்கும் அதே கதிதான்.

குளிர்காலத்து இன்னொரு பீதி ஜுரம். கம்பளிக்குள் கிடந்த நாயின் காதைத் தொட்டுப் பார்த்துவிட்டு, 'உடம்பு கொதிக்கிறதே' என்று பதறாத வீடு குறைவு. நாயின் இயல்பான உடல் வெப்பமே 101 முதல் 102.5 டிகிரி பாரன்ஹீட் வரை. மனிதனுக்கு ஆபீசுக்கு லீவு போடும் சூடு, நாய்க்கு நல்ல ஆரோக்கியம். மூக்கு ஈரமாக இருந்தால் நலம், காய்ந்தால் நோய் என்பதும் நம்பத்தக்க அளவுகோல் அல்ல. தூங்கி எழுந்த நாயின் மூக்கு காய்ந்துதான் இருக்கும். சரியாகத் தெரிய வேண்டுமென்றால் தெர்மாமீட்டர்தான் வழி. அதை வாயில் வைக்க முடியாது. எங்கே வைக்க வேண்டும் என்று டாக்டர் சொன்னதும் குடும்பத்தில் யார் அதைச் செய்வது என்ற விவாதம் எழுகிறது. ஒருவர் தலையைப் பிடிக்க, ஒருவர் வாலைத் தூக்க, மூன்றாமவர் கண்ணை மூடிக்கொண்டு காரியத்தை முடிக்கிறார். முடிந்தபின் செய்ய வேண்டிய முக்கியமான வேலை, அந்தத் தெர்மாமீட்டர் மேல் பெரிய எழுத்தில் நாயின் பெயரை ஒட்டிவைப்பது. மறந்துபோன வீடுகளில் அடுத்த முறை குழந்தைக்குச் சளி பிடிக்கும்போது ஒரு கனத்த மௌனம் நிலவும்.

அடி படுவதற்கும் இந்தப் பருவம் தோதானது. மூடுபனியில் ஸ்கூட்டர்காரருக்கு நாய் தெரிவதில்லை, நாய்க்கு ஸ்கூட்டர் தெரிவதில்லை. புத்தாண்டுக் கொண்டாட்டம் மறுநாள் தெருவில் பாட்டில் சில்லுகளை விட்டுச்செல்கிறது. ஜனவரி 13இல் லோஹ்ரி நெருப்பு. காலையில் மேலே சாம்பலும் அடியில் கங்குமாக இருக்கும் குவியலில் கதகதப்பு தேடி நாய் காலை வைக்கிறது. வயதான ஜெர்மன் ஷெப்பர்டுக்கு எதுவும் நேர வேண்டாம், இடுப்பு மூட்டு ஏற்கெனவே பழுது. குளிர்ந்த மார்பிள் தரையில் எழுந்திருக்க முயன்று நான்கு கால்களும் நான்கு திசையில் வழுக்கும். அதைப் பார்க்கும் வீட்டார் சிரிப்பதா அழுவதா என்று தெரியாமல் நிற்பார்கள். பழைய சாக்கையோ ரப்பர் விரிப்பையோ கட்டிலிலிருந்து தண்ணீர்க் கிண்ணம் வரை விரித்துவைப்பதுதான் எளிய வைத்தியம். வரவேற்பறையின் அழகு போகும். நாய் எழுந்து நடக்கும்.

கால்நடை மருத்துவரிடம் போனால் கிடைக்கும் முதல் அதிர்ச்சி, நோயாளி குணமாகிவிடுவது. மூன்று நாளாக நொண்டிய நாய் ஆஸ்பத்திரி வாசலைக் கண்டதும் நாலுகால் பாய்ச்சலில் தெருவைக் கடக்கிறது. பயத்தில் சுரக்கும் அட்ரினலின் வலியைக் கொஞ்ச நேரம் மறைத்துவிடும். மேஜைமேல் ஏற்றிய பிறகு எந்தக் கால் என்று டாக்டர் கேட்கிறார். கணவர் வலது என்கிறார், மனைவி இடது என்கிறார். வீட்டில் நொண்டும்போதே ஒரு வீடியோ எடுத்துக்கொண்டு போவது புத்திசாலித்தனம். செல்போனால் விளைந்த நன்மைகளில் இதையும் சேர்க்கலாம்.

கட்டுப் போட்டால் அதை நாய் பிரிக்கும். பிரிக்காமல் இருக்கக் கழுத்தில் மாட்டுவது எலிசபெத் காலர். 16ஆம் நூற்றாண்டில் முதலாம் எலிசபெத் ராணியின் அவையில் கனவான்களும் சீமாட்டிகளும் கழுத்தைச் சுற்றிக் கஞ்சி போட்டு அணிந்த மடிப்புப் பட்டையின் நினைவாக வந்த பெயர். நம் ஊரில் கடையில் கிடைக்காதபோது அடிப்பாகம் வெட்டிய பிளாஸ்டிக் வாளியோ பழைய எக்ஸ்ரே பிலிமோ அந்த வேலையைச் செய்யும். யாரோ ஒரு மாமாவின் நுரையீரல் கழுத்தைச் சுற்றி மினுங்க நாய் உலாவரும்.

காலர் மாட்டிய நாயோடு ஒரே வீட்டில் வாழ்வது தனிக்கலை. கதவு நிலைகளின் அகலம் நாய்க்குத் தெரியும். காலரின் அகலம் தெரியாது. ஒவ்வொரு வாசலிலும் 'டமார்'. ஆசையோடு பின்னால் ஓடிவந்தால் காலரின் விளிம்பு எஜமானரின் முழங்கால் பின்மடிப்பில் சரியாக வெட்டுகிறது. தேநீர்க் கோப்பை பறக்கிறது. தண்ணீர் குடித்தால் பாதி காலருக்குள் தங்கி, பிறகு மடியில் வந்து விழுகிறது. பூந்தொட்டியை முகர்ந்தால் மண்ணை அள்ளிக்கொண்டு வருகிறது. இரண்டு நாளில் பாவம் பார்த்துக் கழற்றிவிடுகிறவர்கள் உண்டு. தையல் ஆறிப் பிரிக்க 10 முதல் 14 நாள் ஆகும். ஆனால் ஒரு நாய் அதைத் தானே பிரித்துவிட ஐந்து நிமிடம் போதும். நக்கினால் புண் ஆறும் என்பது கிராமத்திலும் நகரத்திலும் வாழும் நம்பிக்கை. நடைமுறையில் நக்கிய தையல் சீழ் பிடித்து இரண்டாம் முறை தைக்கப்படுகிறது. இரக்கம் இந்த இடத்தில் செலவு வைக்கும்.

கால் கட்டு நனையக் கூடாது. வெளியே போகும்போது அதன் மேல் மாட்டக் கண்டுபிடிக்கப்பட்ட உறை, கழுவிய பால் பாக்கெட். ரப்பர் பேண்டை இறுக்கிப் போட்டு, கழற்ற மறந்து, பாதம் வீங்கி மறுபடி டாக்டரிடம் ஓடியவர்கள் அநேகம். குழந்தையின் பழைய காலுறை மேல். ஆனால் சில நாய்கள் அதை விழுங்கிவிடும். பிறகு எக்ஸ்ரே காலுக்கு அல்ல, வயிற்றுக்கு.

எல்லாவற்றையும்விட விசித்திரமான காயம் வாலில் படுவது. லாப்ரடார் போன்ற சந்தோஷப் பிராணி, ஆபீசிலிருந்து யாராவது திரும்பும்போதெல்லாம் வாலைச் சுவரில் விளாசுகிறது. நுனித்தோல் கிழிகிறது. ரத்தம் வந்தாலும் ஆட்டுவது நிற்பதில்லை. சுவர், சோபா, கூரை, பக்கத்து வீட்டுக்காரரின் வெள்ளைக் குர்தா என்று எங்கும் சிவப்புப் புள்ளிகள்; போலீஸ் வந்தால் பதில் சொல்ல முடியாது. கட்டுப் போட்டால் அடுத்த ஆட்டலில் கட்டு மின்விசிறிவரை பறக்கும். ஆனந்தத்தால் வந்த புண்ணுக்கு வீட்டார் செய்யக்கூடியது, கொஞ்ச காலம் நாயைப் பார்த்தும் பார்க்காதது போல உம்மென்று வீட்டுக்குள் நுழைவதுதான். அதை நாய் ஒத்துக்கொள்வதில்லை.

மாத்திரை கொடுப்பது இன்னொரு திருவிளையாடல். பனீர்த் துண்டுக்குள் பொதிந்து கொடுத்தால் பனீர் உள்ளே போகும். ஒரு நிமிடம் கழித்து, துடைத்துவைத்தது போலச் சுத்தமான மாத்திரை கம்பளத்தில் கிடக்கும். நெய் தடவிய ரொட்டிக்கும் அதே முடிவு. மூன்று துண்டு பனீர் தயாராக வைத்து, முதலாவது சும்மா, இரண்டாவதில் மாத்திரை, மூன்றாவதைக் கண்ணெதிரே ஆட்டிக்காட்டுவது அனுபவஸ்தர்களின் முறை. மூன்றாவதைப் பிடிக்கும் அவசரத்தில் இரண்டாவது இறங்கிவிடும். எலும்பு முறிவுக்குக் கட்டுப் போட்ட ஆறேழு வாரத்தில் நாயும் ஒன்றைக் கற்றுக்கொள்கிறது. காலைத் தூக்கிக்கொண்டு நின்றால் பனீர் வரும். கட்டுப் பிரித்த பிறகும் விருந்தாளி வரும்போது சிலது நொண்டும். சில நேரம் வேறு காலை.

சிரிக்க முடியாத இடம் இதே மாத்திரையில்தான் இருக்கிறது. குளிரில் மூட்டு வலியால் கிழ நாய் முனகுகிறது. டாக்டர் வர நாளையாகும். அலமாரியில் பாட்டி சாப்பிடும் வலி மாத்திரை இருக்கிறது. பாட்டிக்கு ஒன்று என்றால் நாய்க்குப் பாதி என்ற கணக்கில், அன்பினால் மட்டுமே, அது கொடுக்கப்படுகிறது. இபுப்ரோஃபென் நாயின் குடலில் புண்ணை உண்டாக்கிச் சிறுநீரகத்தைச் செயலிழக்கச் செய்யும். பாராசிட்டமால் அளவு மீறினால் ஈரலைக் கெடுக்கும். பூனைக்கோ ஒரு சிறு துண்டே எமன். நாயின் உடல் இந்த மருந்துகளை உடைக்கும் விதமும் வேகமும் வேறு. எடையை வைத்துப் பாதியாக்குவது அதற்குப் பொருந்தாது. நாய்க்கென்றே வலி மருந்துகள் உள்ளன, மருத்துவர் சீட்டோடு. முனகலைக் கேட்டுக்கொண்டு ஒரு இரவைக் கழிப்பது கஷ்டம்தான். ஆனால் அந்த இரவில் கொடுத்த அரை மாத்திரைக்காகப் பிறகு வருந்துகிறவர்களின் கஷ்டம் பெரிது.

இந்த நாடு வலி மாத்திரையால் பட்ட அடி இது முதல் தடவையும் அல்ல. 1990களில் இந்தியப் பிணந்தின்னிக் கழுகுகள் கூட்டம் கூட்டமாக மடிந்தன. மாடுகளுக்குக் கொடுத்த டைக்ளோஃபெனாக், அவற்றின் பிணத்தைத் தின்ற கழுகுகளின் சிறுநீரகத்தைச் சிதைத்ததே முக்கியக் காரணம் என்பது 2004இல் தெரியவந்தது. கால்நடைகளுக்கு அந்த மருந்து 2006இல் தடைசெய்யப்பட்டது. கழுகு இல்லாமல் கிடந்த மாட்டுப் பிணங்கள் தெருநாய்களுக்குப் போயின. நாய்கள் பெருகியதற்கு அதுவும் ஒரு காரணம் என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள்.

குளிர்காலத் தின்பண்டங்களிலும் கண் வைக்க வேண்டும். மேஜையில் ஆறவைத்த காஜர் ஹல்வாவை நாய் நக்கி முடித்ததை வீட்டார் வேடிக்கைக் கதையாகச் சொல்வார்கள். அதில் கிடக்கும் உலர்திராட்சை நாயின் சிறுநீரகத்துக்கு விஷம். புத்தாண்டுக் கேக்கின் சாக்லேட்டும் அப்படியே.

இன்னொரு ஆபத்து கடி. வலியில் இருக்கும் நாய் யாரையும் கடிக்கும், எட்டு வருடம் சோறு போட்டவரையும்கூட. அதில் நன்றிகெட்டதனம் எதுவும் இல்லை. அடிபட்ட நாயைத் தூக்குமுன் துப்பட்டாவையோ கட்டுத்துணியையோ வாயைச் சுற்றிக் கட்டி, காதுக்குப் பின்னால் முடிச்சுப் போடுவது முதல் வேலை (வாந்தி எடுக்கும் நாய்க்கும் மூச்சுத் திணறும் நாய்க்கும் இது கூடாது). தெரு நாயோ, தடுப்பூசிக் கணக்கு தெரியாத நாயோ கடித்துவிட்டால் காயத்தைச் சோப்பு போட்டு, ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவ வேண்டும்; தாமதிக்காமல் தடுப்பூசிக்குப் போக வேண்டும். ரேபிஸ் அறிகுறி தோன்றிய பிறகு காப்பாற்ற ஏறக்குறைய வழியே இல்லை. ஜனவரியில் தில்லிக் குழாய்த் தண்ணீரில் கையை நீட்டினால் ஒரு நிமிடத்திலேயே விரல் மரத்துப்போகும். பதினைந்து நிமிடம் நிற்க மனம் வராமல், மிளகாய்ப் பொடியை அப்பிக்கொண்டு ரஜாய்க்குள் நுழைகிறவர்கள் இருக்கிறார்கள். அந்தக் குளிரைப் பொறுத்துக்கொண்டுதான் ஆக வேண்டும்.

இத்தனையும் எஜமானர் உள்ள நாய்களின் கதை. தெருநாய்க்குக் கம்பளமும் இல்லை, கெடுக்க எஜமானரும் இல்லை. அது தானே கணக்குப் போடுகிறது. இப்போதுதான் வந்து நின்ற காரின் பானெட் நாற்பது நிமிடம் சூடாக இருக்கும். அதற்குப் பிறகு அடுத்த கார். தாபாவின் தந்தூர் அடுப்படி விடியும்வரை தாங்கும். டீக்கடைக்காரர் கொட்டிய சாம்பல் குழி மெத்தை. மூக்கின் மேல் வாலைப் போட்டு வளையமாகச் சுருண்டால் மற்றதை உடம்பு பார்த்துக்கொள்ளும். நடைபாதையில் தூங்கும் ரிக்‌ஷாக்காரரின் போர்வைக்குள் ஒரு நாய் இருப்பது தலைநகரில் சாதாரணக் காட்சி. யார் யாருக்குச் சூடு கொடுக்கிறார்கள் என்று பிரித்துச் சொல்ல முடியாது.

தெருநாய்க்குச் சட்டை தைப்பவர்களும் எல்லா நகரிலும் இருக்கிறார்கள். சணல் சாக்கில் முன்கால்களுக்கு இரண்டு ஓட்டை, உள்ளே பழைய ஸ்வெட்டரின் ஒரு துண்டு, வயிற்றுக்குக் கீழே நாடா. நாடாவை இறுக்கினால் தோலை அறுக்கும், தளர்த்தினால் நழுவிக் காலில் சிக்கும். பனியில் நனைந்தால் சாக்கு கனத்துச் சில்லிடும். காலையில் காயவைக்க ஆள் வேண்டும். மாட்டிவிட்டுப் போகிறவர் சாயங்காலம் வந்து பார்ப்பவராகவும் இருந்தால்தான் இந்தத் தர்மம் பலிக்கும்.

குட்டிகள் விஷயம் வேறு. மழைக்காலக் கடைசியில் கருத்தரிக்கும் தெருநாய் சுமார் 63 நாளில் ஈனும். அதாவது, குளிர் தொடங்கும் நேரத்தில். முதல் இரண்டு வாரம் குட்டிக்குக் கண் திறக்காது, தன் சூட்டைத் தானே காக்கவும் தெரியாது. காலனிக் குழந்தைகள் அட்டைப்பெட்டியும் செங்கல்லும் வைத்து வீடு கட்டி, கதவில் ஒரு பெயரும் எழுதுகிறார்கள். தாய் நாய் வந்து முகர்ந்து பார்க்கிறது. குட்டிகளை ஒவ்வொன்றாகக் கவ்விக்கொண்டு போய் வாட்ச்மேனின் மேஜைக்கு அடியில், அவருடைய ஒரே கம்பளியின் மேல் போடுகிறது. அவர் என்ன செய்வார்? மிச்ச இரவை ஹரிக்கேன் விளக்கருகே உட்கார்ந்து கழிக்கிறார். குழந்தைகள் கொண்டுவரும் பசும்பால் குட்டிகளின் வயிற்றைக் கலக்கும் என்பதும் அவருக்கு அனுபவத்தில் தெரியும். துடைக்கப் போவது அவர்தானே.

அடிபட்ட தெருநாயை எங்கே கொண்டுபோவது? தில்லியில் டிஃபென்ஸ் காலனி மேம்பாலத்துக்கு அடியில் ஒரு கூடம் இருக்கிறது, 1979இல் தொடங்கிய ஃபிரெண்டிகோஸ் அமைப்பினுடையது. ஒவ்வொரு நகரிலும் இப்படி ஒன்றிரண்டு இடங்கள். எப்போதும் கொள்ளளவுக்கு மேல். அதே தெருவாசிகளில் பாதிப் பேர் நாய் வேண்டாம் என்பவர்கள், அவர்களுக்கும் காரணம் உண்டு. குழந்தையைக் கடிபட்ட நிலையில் தூக்கிக்கொண்டு ஓடியவர்களிடம் ஸ்வெட்டரைப் பற்றிப் பேச முடியாது. 2025 ஆகஸ்ட் 11 அன்று உச்ச நீதிமன்றம் தில்லித் தெருநாய்களையெல்லாம் காப்பகங்களுக்குக் கொண்டுபோக உத்தரவிட்டது. ஆகஸ்ட் 22 அன்று மூன்று நீதிபதிகள் அமர்வு அதைத் திருத்தியது: கருத்தடையும் தடுப்பூசியும் முடிந்தவற்றை, வெறிநோய் கண்டவையும் மூர்க்கமானவையும் நீங்கலாக, பிடித்த இடத்திலேயே விட வேண்டும், உணவு போடத் தனி இடம் ஒதுக்க வேண்டும். காலனிக் கூட்டங்களில் இதன் மீது நடந்த சண்டைகள் எந்த ஹீட்டரும் தராத சூட்டைத் தந்தன.

பிப்ரவரி நடுவில் ஒரு நாள் வெயில் திடீரென்று உறைக்கும். லாப்ரடார் தானாகவே கதவருகே போய் நின்று சங்கிலியைக் கவ்விக் காட்டும். குரங்குக் குல்லாய்க்காரர் முதல் முறையாக ஒரே ஸ்வெட்டரில் இறங்குவார். வாட்ச்மேன் கூண்டுக்குப் பக்கத்தில் சாக்குச் சட்டை இரண்டாகக் கிழிந்து கிடக்கும். ஒரு பாதியின் மேல் தாய் நாய் நீட்டிப் படுத்திருக்கும். மறு பாதியின் இரு முனைகளைக் கவ்விக்கொண்டு இரண்டு குட்டிகள் எதிரெதிர்த் திசையில் இழுத்துக்கொண்டிருக்கும்.